பெருக்காத எட்டடி

நெய்வேலியில் டாரட் சீட்டு பார்த்துச் சொல்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை. கிளி ஜோசியக்காரர் இருக்கலாம், குறி சொல்கிறவர் இருக்கலாம். எழுபத்தெட்டு அட்டைகளை விசிறி மாதிரி விரித்து, எடுத்த படத்தைப் பார்த்து எதிரில் இருப்பவரின் நிலைமையைச் சொல்கிற சீமை வித்தைக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். அந்த ஒருத்தி வாரத்தில் ஆறு நாள் பதினெட்டாம் பிளாக்கில் தெரு பெருக்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளி என்று சேர்த்துச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தாரக்குப்பத்தில் தனகோட்டியின் தையல் கடைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். துணி வெட்டுகிற மேசைக்கு அந்தப் பக்கம் அவர் பெண்சாதி மலர்விழி உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் காத்திருப்பார்கள்.

மலர்விழிக்கு நாற்பத்தொன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம், ஞாபகம் அதைவிட நீளம். சீட்டு அவளுக்கு வந்தது குப்பையிலிருந்து. மாற்றலாகி வடக்கே போன ஒரு ஆபீசர் குடும்பம் காலி செய்த பங்களா வாசலில் ஒரு அட்டைப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனது. கூட வேலை பார்த்தவர்கள் ஓடாத மிக்சியையும் ஒற்றைக் கால் பொம்மையையும் எடுத்துக்கொண்டார்கள். அடியில் கிடந்த சீட்டுக்கட்டையும் அதோடு இருந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் இவள் எடுத்தாள். பிளஸ் டூவில் ஆயிரத்து முப்பத்து நான்கு மார்க் வாங்கியவள். ஓர் அகராதியை இரவல் வாங்கி மூன்று வருஷம் முட்டி மோதிப் படித்துத் தேறினாள்.

ஆயிரத்து முப்பத்து நான்கு மார்க் வாங்கியவள் ஏன் துடைப்பத்தைப் பிடித்தாள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் பதினெட்டாம் பிளாக்கிலேயே இருக்கிறது. அந்தத் தெருவை அவள் இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்குகிறாள். தெரு கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் ஒரே ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் மட்டும், கேட்டின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும், சரியாக எட்டடிக்கு, பாதாம் இலை குவிந்து கிடக்கும். துடைப்பம் அந்தத் தூண் வரை வரும், தூக்கப்படும், அந்தப் பக்கத் தூணில் இறங்கும். ஒருமுறை புகார் போய் சூப்பர்வைசர் வந்து கேட்டார். "அந்த எட்டடிக்கு வேற ஆளப் போட்டுக்குங்க சார். மீதித் தெருவுக்கு நான் இருக்கேன்" என்றாள். எட்டடிக்கு யார் ஆள் போடுவார்கள்? விட்டுவிட்டார்கள்.

அது அவளுடைய அண்ணன் ராஜேந்திரன் வீடு.

வளையமாதேவிப் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. நிலக்கரிக்காக நிலம் எடுத்தபோது நிலம் கொடுத்த குடும்பத்துக்குச் சுரங்கத்தில் ஒரு வேலை என்று கணக்கு. அப்பா கண் மூடுவதற்கு முன்னால், பங்காளிகளை வைத்துக்கொண்டு, "வேல மலருக்கு. அதுதான் படிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜேந்திரனும் தலையை ஆட்டினான். பத்தாவது தாண்டாதவன். அப்போதே முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி ஏழு வருஷம். தலையை ஆட்டிய பதினைந்தாம் நாள் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மலரு, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னாது அண்ணே?"

"நெலத்துப் பணம் வாங்கறதுக்கு. எல்லாரும் போட்டாச்சு, நீதான் பாக்கி. ஆபீஸ் மூடிடுவான், சீக்கிரம்."

அடுப்படியிலிருந்து அம்மா சின்னம்மாள், "படிச்சுப் பாத்துட்டுப் போடுடி" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இவள் சிரித்தாள். "அண்ணன் குடுத்தா படிக்கணுமா?" என்றாள். துடைத்த கையில் மீதி ஈரம் இருந்தது. 'மலர்விழி' என்று எழுதியதில் கடைசி எழுத்து கரைந்து சின்ன நீலக் குளமாகிவிட்டது.

அந்தக் காகிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேலையை அண்ணனுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. ஆர்டர் கைக்கு வந்து அவன் மஞ்சள் ஹெல்மெட்டோடு வீட்டுக்கு வந்த நாளில்தான் இவளுக்கு விஷயமே தெரிந்தது. சட்டையைப் பிடித்தாள். அவன் நிதானமாகக் கையை எடுத்துவிட்டு, "படிச்சவதானே நீ? படிச்சுட்டுப் போட்டிருக்க வேண்டியதுதானே?" என்றான். வேலை போனதைக்கூட ஒருவேளை அவள் மறந்திருப்பாள். இந்த வார்த்தையை மறக்கவில்லை. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வேலை இல்லாத பெண் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அப்புறம் தனகோட்டி வந்தார், நல்ல மனுஷன். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாக அண்ணன் தங்கைக்குப் பேச்சு கிடையாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இந்தப் பக்கத்தில் பொறுத்தவர்களுக்கு ஆள்வதற்குப் பூமி எங்கே மிஞ்சியது?

இப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாதம் முதல் வாரத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் அகிலா, சின்ன பதிப்பகம் நடத்துகிறவள். புதுச் சீட்டுக்கட்டு அச்சுக்குப் போகும் முன் மூன்று பேரிடம் மாதிரிக் கட்டு அனுப்பி அபிப்பிராயம் கேட்பாள். இரண்டு பேர் வேண்டாம் என்றால் அச்சு இல்லை. மூவரில் மலர்விழி சொல்லுக்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் அவளுக்குத் தாட்சண்யம் கிடையாது. போன வருஷம் தங்க முலாம் பூசிய ஒரு கட்டை இப்படித் திருப்பி அனுப்பினாள்: "இந்தப் படத்துல இருக்கற ராணிக்குக் கை கால் வலிச்சதே இல்ல போல. எங்கிட்ட வர்றவங்களுக்கு வலிக்குது."

இந்தத் தடவை அகிலா பார்சலுக்குள் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். மற்ற இருவரில் ஒருவர் சரி, ஒருவர் வேண்டாம் என்றாயிற்றாம். முடிவு உங்கள் கையில் அக்கா என்று முடித்திருந்தாள்.

மலர்விழி படத்தை முதலில் பார்க்க மாட்டாள். கட்டை மோந்து பார்ப்பாள், காதருகே வைத்து வளைப்பாள், பிறகு பத்துத் தடவை கலைப்பாள். மோந்தாள், மை வாசனை பரவாயில்லை. வளைத்தாள், அட்டை மெல்லிசு. "ஈரக் கையோட ஒருத்தி எடுத்தா ரெண்டு வருஷம் தாங்காது" என்று தனகோட்டியிடம் சொன்னாள். அவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே உம் கொட்டினார்.

பிறகு படங்களைப் பார்த்தாள். அட கடவுளே!

ராஜா இல்லை, ராணி இல்லை, சிறகு முளைத்த தேவதை ஒன்றுகூட இல்லை. சீட்டுக்கு மேல் பேர் இல்லை, நம்பர் இல்லை. கோப்பை இருக்க வேண்டிய சீட்டுகளில் எவர்சில்வர் டிபன் கேரியர். காசு இருக்க வேண்டியதில் ஷிப்ட் டோக்கன். வாள் இருக்க வேண்டியதில் பேனா. அதிர்ஷ்டச் சக்கரத்துக்குப் பதில் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரம். அதன் ஒவ்வொரு வாளியிலும் ஒரு வீட்டுச் சாமான்: ஒரு தொட்டில், ஒரு அம்மி, மாலை போட்ட ஒரு போட்டோ. நிலாச் சீட்டில் நிலாவே கிடையாது. குழிக்கு மேல் எரியும் ராட்சத விளக்கைப் பார்த்து ஒரு நாய் குரைக்கிறது. பத்து வாள் சீட்டில் ஒருத்தி குப்புறக் கிடக்கிறாள், முதுகில் பத்துப் பேனா நட்டமாக நிற்கிறது. மலர்விழி அந்தச் சீட்டைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். இருபது வருஷத்தில் ஒரு படத்தை அவள் கவிழ்த்து வைத்தது அதுதான் முதல் தடவை.

புதுக் கட்டு வந்தால் அதனிடமே மூன்று கேள்வி கேட்பது அவள் வழக்கம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. நீ யாரு? எதை மறைக்கிற? யாரைக் குத்துவ? கேள்விக்கு ஒன்றாக மூன்று சீட்டு எடுத்தாள்.

முதல் சீட்டு, தராசு பிடித்த நீதி இருக்க வேண்டிய இடம். ஒரு தெரு, சுத்தமாகப் பெருக்கிய தெரு. நடுவில் ஒரு கேட், கேட்டுக்கு முன்னால் தூணிலிருந்து தூண் வரை பாதாம் இலைக் குவியல். ஓரத்தில் ஒரு துடைப்பத்தின் நுனி தூக்கியபடி நிற்கிறது. மலர்விழி சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். இதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டுமென்றால் அந்த கேட்டுக்கு உள்ளே இருந்துதான் பார்க்க முடியும்.

இரண்டாவது, மரணம். எலும்புக்கூடு இல்லை, குதிரை இல்லை. ஒரு காகிதம், அதில் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்து கரைந்து நீலக் குளமாக நிற்கிறது.

மூன்றாவது, சக்கரவர்த்தி. மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் ரோஜா மாலை, பிளாஸ்டிக் நாற்காலியில் அட்டகாசமாக உட்கார்ந்திருக்கிறான். நாற்காலியின் நான்கு காலும் குனிந்து எழுதுகிற ஒரு பெண்ணின் முதுகில் இருக்கிறது. வலது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு. பனங்காய் வெட்டும்போது ராஜேந்திரனுக்கு விழுந்த தழும்பு அது. மஞ்சள் பத்துப் போட்டவளே இவள்தான்.

போனை எடுத்து அகிலாவைக் கூப்பிட்டாள். "வரைஞ்சது யாரு?"

"தமிழ்நிலான்னு ஒரு பொண்ணுக்கா. இருபத்து நாலு வயசு. ஓவியம் படிச்சவ. உங்க நெய்வேலிதான். ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். ராஜேந்திரன் மகள்! அடேயப்பா, குடும்பமே குடும்பம்! அப்பன் என் வேலையைத் தின்றான், மகள் அந்தத் திருட்டைப் படம் போட்டுப் பெட்டியில் அடைத்து விற்கப் பார்க்கிறாளா? என் கையெழுத்தை அப்பன் ஒருமுறை விற்றது போதாதா? வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் மதிப்புரை எழுதினாள். 'படங்கள் அசிங்கம். பார்க்கிறவர் பயந்து ஓடுவார். வரைந்தவளுக்கு வரையத் தெரியவில்லை, திருடத் தெரிகிறது. அச்சிட வேண்டாம்.' எழுதி முடித்ததும் குளிர்ந்த மோர் குடித்த மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அண்ணன் குடும்பத்துக்கு அவளால் முதன்முதலாக ஒரு வேலையை இல்லாமல் செய்ய முடிகிறது. சும்மா விடுவாளா?

அனுப்புகிற பொத்தானை அமுக்கப் போனவளை ஒரு விதி தடுத்தது, அதுவும் அவளே போட்டுக்கொண்ட விதி. உண்மையான கேள்வியோடு வந்த ஒரு ஆளுக்காவது எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டையும் அவள் ஏற்றதுமில்லை, தள்ளியதுமில்லை. படிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டுச் சீரழிந்தவள், பார்க்காமல் ஒரு வார்த்தை எழுத மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசி வந்தாள். கூடத் தெரு பெருக்குகிறவள். மூன்று மாதமாக ஒரே கேள்வி. குடிக்கிற புருஷன் திருந்துவானா? பழைய சீட்டுக்கட்டில் ஒவ்வொரு தடவையும் சூரியனோ நட்சத்திரமோ வரும், அன்புக்கரசி முகம் மலர்ந்து வீட்டுக்குப் போவாள், செவ்வாய்க்கிழமை வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வருவாள். இன்றைக்கு மலர்விழி புதுக் கட்டில் எடுக்கச் சொன்னாள். வந்தது குப்புறக் கிடப்பவள்.

அன்புக்கரசி கத்தவில்லை, ஓடவுமில்லை. சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது நான்தான்."

"பயமா இருந்தா வெச்சுடு."

"இல்லக்கா. இவ குப்புறப் படுத்துகினு இருக்கா. அதான் வந்தவன் போனவன்லாம் குத்திகினு போறான். எழுந்து உக்காந்தா எங்க குத்துவான்?"

அன்றைக்குச் சாயங்காலமே புருஷனின் வேட்டி சட்டை மூட்டையாக அன்புக்கரசி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பின்னாலேயே அவனும் வந்தான், கதவு திறக்கவில்லை.

மலர்விழிக்கு எரிச்சல் தாளவில்லை. கட்டு மோசமாக இருந்திருக்கக் கூடாதா? தங்க முலாம் ராணிகள் மூன்று மாதத்தில் செய்யாததை இந்த அசிங்கம் பிடித்த படம் ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டது. அனுப்பாத மதிப்புரை போனில் கிடந்தது. பழி ஒரு பக்கம் இழுத்தது, தொழில் ஒரு பக்கம் இழுத்தது. ராத்திரி சோற்றில் உப்பு அதிகம் என்று தனகோட்டி சொன்னதற்கு அவருக்குச் சரியான டோஸ் விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினெட்டாம் பிளாக்கில், துடைப்பம் வழக்கம்போல் முதல் தூணில் தூக்கப்பட்டபோது, கேட்டுக்கு உள்ளிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா, விரல் முழுக்கச் சாயம்.

"அத்தை."

"யாருக்கு யாரு அத்தை? தள்ளு, நேரமாவுது."

"உங்ககிட்ட அனுப்பச் சொன்னதே நான்தான் அத்தை. நீங்க நல்லா இல்லன்னு சொன்னா ஒத்துக்கறேன். ஆனா அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன்." தமிழ்நிலா அவசரமாகப் பேசினாள். "சின்ன வயசுல எங்க வாசல் மட்டும் ஏன் குப்பையா இருக்குன்னு அப்பாவைக் கேட்டேன். அந்தப் பொம்பளைக்குப் பைத்தியம்னாரு. ஸ்கூல் போறதுக்கு முன்னாடி நானே தெனம் பெருக்குவேன். போன வருஷம் ரிட்டையர்மென்ட்டுக்குப் பேப்பரெல்லாம் எடுத்து அடுக்கும்போது பழைய ஃபைல்ல அந்தக் காயிதம் கெடைச்சுது. தண்ணி பட்ட கையெழுத்து. கீழ உங்க பேரு, தாத்தா பேரு."

"ஒங்கப்பன கேட்டியா?"

"கேட்டேன். 'அவ படிச்சவதானே'ன்னாரு."

மலர்விழி சிரித்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை பாருங்கள்!

"நான் தின்ன சோறு, படிச்ச படிப்பு, வாங்கின கலர் எல்லாம் அந்தச் சம்பளம்தான் அத்தை. அழுது என்ன ஆகப்போவுது? அதான் வரைஞ்சேன். ஆனா இன்னொரு சிக்கல். சக்கரவர்த்தி சீட்டுல இருக்கற முகம் நெஜ ஆளோடது, ஆட்சேபணை இல்லைன்னு அப்பா எழுதிக் குடுத்தாத்தான் அச்சுப் போடுவோம்னு அகிலா அக்கா சொல்லிட்டாங்க. அப்பா ஜென்மத்துக்கும் போட மாட்டாரு. முகத்த மாத்தலாம். மாத்தினா அது யாரோ ஒருத்தன் ஆயிடும்."

ஆட்சேபணை இல்லை. அந்த இரண்டு வார்த்தை மலர்விழியின் காதில் விழுந்து உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்தது. பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பார்கள். இது நரிக்குப் பிறந்தும் நரியாகவில்லை. அதற்காக அவள் ஒன்றும் உருகிவிடவில்லை.

"ஒன் கட்டுல ரெண்டு கொற. அட்ட மெல்லிசு. அப்புறம் அந்த மரணச் சீட்டு. என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு. காயிதத்த நீட்டினவன் கை எங்க? அது இல்லாதப்போ தப்பு பூரா என்னுதுன்னுல்ல ஆவுது?"

"ஆமா அத்தை. வரைஞ்சுடறேன்."

"வரை. கையெழுத்த நான் வாங்கித் தரேன்."

அன்றைக்கே பழைய மதிப்புரையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'பார்க்கிறவர் பயப்படுவார். பயப்படட்டும். பேர், நம்பர் இல்லாதது சிரமம், ஆனால் படமே பேசுகிறது. கேட்ட கேள்விக்குப் பசப்பாமல் பதில் சொல்லும் கட்டு. அட்டையைத் தடிமனாக்கி, ஒரு படத்தைத் திருத்தி, அச்சிடலாம்.' பிறகு மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நான்கு வரி டைப் அடிக்கச் சொன்னாள். "எழுத்து நல்லா பெருசா போடு தம்பி. கண்ணாடி இல்லாமலே படிக்கறாப்பல" என்றாள். தனகோட்டி அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

"இது நல்லதுக்கில்ல மலரு."

"நல்லதுக்குன்னு யாரு சொன்னது?"

மாதக் கடைசி நாள் ராஜேந்திரன் ரிட்டையர் ஆனான். டவுன்ஷிப்பில் ரிட்டையர்மென்ட் என்றால் கல்யாணம் மாதிரி. சுரங்கத்து வாசலிலேயே மாலை போட்டு, திறந்த ஜீப்பில் ஏற்றி, மேளம் வெடியோடு வீடு வரை ஊர்வலமாகக் கொண்டுவந்து விடுவார்கள். தெருவில் பந்தல் போட்டிருக்கும். வாசலில் கூடப்பிறந்தவள் ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். ராஜேந்திரனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான்.

அன்று காலை பதினெட்டாம் பிளாக் ஒரு அதிசயத்தைப் பார்த்தது. மலர்விழியின் துடைப்பம் முதல் தூணில் தூக்கப்படவில்லை. நிதானமாக, ஒரு இலைகூட விடாமல், அந்த எட்டடியையும் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டுவிட்டுப் போனாள். வாசலுக்கு வந்த ராஜேந்திரனின் பெண்சாதி கஸ்தூரியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கடைசி நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜேந்திரனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் சொன்னேனே, ரத்தம் எங்க போவும்?" என்றானாம்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. எட்டு மாலை, ரோஜாவில் முகம் மட்டும் தெரிந்தது, பிளந்த புருவம் தெரிந்தது. வாசலில் பட்டுப்புடவை கட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டோடு மலர்விழி நின்றாள். கூட்டம் ஆஹா என்றது. மேளம் ஓங்கி அடித்தது. மூன்று சுற்றுச் சுற்றி, சிவந்த தண்ணீரைத் தொட்டு அண்ணன் நெற்றியில் பொட்டு வைத்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனந்தத்தில் அவனும் தட்டுக்குள் விரலை விட்டு அவள் நெற்றியில் வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தான்.

"தட்டுல காசு வேணாம் அண்ணே. ஒரு கையெழுத்து போதும்."

இடுப்பிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். ராஜேந்திரன் சிரித்தான்.

"இன்னா கையெழுத்தும்மா?"

"தமிழ்நிலா படம் வரைஞ்சிருக்கு இல்ல, அத அச்சுப் போடறதுக்கு. எல்லாம் பெரிய எழுத்துலதான் இருக்கு. படிச்சுப் பாத்துட்டுப் போடுண்ணே."

இதை அவள் மெதுவாக, தெளிவாக, சுற்றி நின்றவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். ஒரு பொய்யும் இல்லை. அவளுக்குக் கிடைக்காத சந்தர்ப்பத்தை அவனுக்குக் கொடுத்தாள். படித்துவிட்டால் கிழித்து எறியலாம், அவளும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். பின்னால் தமிழ்நிலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜேந்திரன் தாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். கூட வேலை பார்த்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"தங்கச்சி குடுத்தா படிக்கணுமா?" என்றான்.

கூட்டம் கைதட்டியது. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து ராஜேந்திரன் என்று கோணலாக எழுதினான். ஆரத்தி ஈரம் விரலில் இருந்தது. கடைசி எழுத்து கரைந்து சிவப்பாகப் பரவியது.

மலர்விழி தாளை எடுத்து ஊதி உலர்த்தினாள். அவசரப்படவில்லை. பிறகு தமிழ்நிலாவிடம் கொடுத்தாள். "படிம்மா. ஒங்கப்பா இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்டாருன்னு அவருக்குத் தெரியட்டும்."

தமிழ்நிலா உரக்கப் படித்தாள். "'ராஜேந்திரன் ஆகிய நான், என் தகப்பனார் சொல்படி என் தங்கை மலர்விழிக்கு வர வேண்டிய வேலையை, அவளைப் படிக்க விடாமல் கையெழுத்து வாங்கி, எடுத்துக்கொண்டேன். அதை என் மகள் தமிழ்நிலா படமாக வரைந்து, என் முகத்தையும் அதில் போட்டு அச்சிடுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.'"

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார். மாலையோடு நின்ற சக ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கஸ்தூரியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ராஜேந்திரனின் முகம் ரோஜாவுக்குள் சாம்பல் நிறமானது.

"ஏய், இது... நான் படிக்காமல்ல போட்டேன்!" என்று கத்தினான். "படிக்காமப் போட்டது எப்படிச் செல்லும்?"

மலர்விழி ஆரத்தித் தண்ணீரை அந்த எட்டடியின் நடுவில், காலையில் தான் போட்ட கோலத்தின் மேலேயே கொட்டினாள்.

"நானும் படிக்காமத்தான் போட்டேன் அண்ணே. இருபத்தெட்டு வருஷமா செல்லிகினுதானே இருக்குது" என்றாள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற வயசான சக ஊழியர் ஒருவர் தான் கொண்டுவந்த மாலையைப் போடாமல் பந்தல் காலில் மாட்டிவிட்டு நடையைக் கட்டினார். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. மலர்விழி தாளை மடித்துத் தமிழ்நிலாவின் கையில் வைத்துவிட்டுப் பந்தலுக்குள் போனாள். முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவன் தயங்கினான். "போடுப்பா" என்றாள். சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றும் விடாமல் சாப்பிட்டு, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதினெட்டாம் பிளாக்கில் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். ராத்திரிக் காற்றில் பாதாம் இலை நிறையக் கொட்டியிருந்தது. முதல் தூண் வந்ததும் துடைப்பத்தைத் தூக்கினாள், எட்டடி நடந்தாள், அந்தப் பக்கத் தூணில் இறக்கி மீதித் தெருவைப் பெருக்கிக்கொண்டு போனாள்.